கத்தார் வெயில்

ஃபோனில் கூப்பிடுகிறவர்கள் இருக்கும் ஊரின் வெயிலும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால், அதிராம்பட்டினத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை கட்டிய பெண்கள் வீட்டுக்குள்தான் சன்ஸ்கிரீன் பூசுவார்கள். கல்யாணமான புதிதில் சபுராவுக்கு இது பிடிபடவில்லை. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, நாள் முழுக்க பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பவளுக்கு மூக்கில் தோல் உரிந்தது.

அவள் கணவன் ஜெய்னுல் கத்தாரில் கட்டடச் சாரத்தின் மேல் நின்று வேலை பார்ப்பவன். சாப்பாட்டு இடைவேளையில் அங்கிருந்தபடியே வீடியோ காலில் வருவான். கூடம் பளீரென்றாகிவிடும். கொடியில் கிடக்கும் துணி, அவன் பேசி முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும்.

மெடிக்கலில் இருந்த ரெஜினா விசாரித்துத்தான் மருந்து கொடுப்பாள்.

"எந்த ஊரு வெயிலுக்கு, அக்கா?"

"கத்தார்."

"ஆபீஸ் உள்ளயா, வெளி வேலையா?"

"சாரத்து மேல."

"அப்ப SPF அம்பது போட்டாத்தான் தாங்கும். சிங்கப்பூர்னா முப்பதே போதும். கால் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பூசிடுங்க. காது, கழுத்து எதையும் விட்டுடாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல பேசினா மறுபடி பூசணும்."

"வேலையில அவ்வளவு நேரம் பேச விட மாட்டாங்க" என்றாள் சபுரா.

ஐம்பது நன்றாகவே வேலை செய்தது. முகம் எரியவில்லை. ஆனால் ஃபோனை வைத்த பிறகு, அவன் என்ன சொன்னான் என்று யோசித்தால் எதுவும் ஞாபகம் வரவில்லை. உதடு அசைந்தது தெரியும். சிரித்தது தெரியும். சொன்னது ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஒருநாள் அவன் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது என்னவாக இருக்கும் என்று சபுரா பொழுது சாயும்வரை தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாக்கா, வெயிலத் தடுத்தா பேச்சும்தான் நிக்கும்" என்றாள் ரெஜினா, அடுத்த டியூப் வாங்கப் போய்ச் சபுரா இதைச் சொன்னபோது. "முப்பது தரவா? பாதி கேட்கும்."

பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சபுரா ஐம்பதையே வாங்கினாள். வீட்டுக்கு வந்து, முகமெல்லாம் பூசி, இடது காதை மட்டும் விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லும் அந்தக் காது வழியாகச் சுடச்சுட இறங்கியது. காது கருத்தது, கொப்பளித்தது, தோல் உரிந்தது. இரவில் அந்தப் பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுப்பாள். தலையணை வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் காதில்தான் ஒருநாள் கேட்டது: "லீவு கெடச்சிடுச்சு, சபூ."

ஜெய்னுல் வந்து இறங்கினான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அவள் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"ரொம்ப எரிஞ்சுச்சா?"

"இல்ல மச்சான். நீங்க பேசாத அன்னைக்குத்தான் எரியும்."

மறுநாள் மதியம் கொடுவா மீன் குழம்பு. ஜெய்னுல் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது ஃபோன் அடித்தது. சபுரா கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். கூடம் பளீரென்றது. பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்த அதே ஜெய்னுல், ஃபோன் திரையில் தலையில் ஹெல்மெட்டோடு சாரத்தின் மேலும் நின்றிருந்தான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இனிமேத்தான் மச்சான். நீங்க இப்பத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

"என்ன கொழம்பு?"

"கொடுவா."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"முள்ள எடுத்துக் குடு" என்றான்.

சபுரா ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவன் தட்டிலிருந்த மீனைத் தன் பக்கம் இழுத்தாள்.