ஊருக்கு விட்ட கிணறு

கிராமசபையில் ஏழாவது தீர்மானத்தைச் செயலர் வாசிக்கத் தொடங்கியதும் செல்லமுத்து நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கொடுத்த மனுவின் பேரில் வந்த தீர்மானம் அது. காந்தி இறந்த வருஷம் அவருடைய அப்பா, காலனி ஜனங்களும் தண்ணீர் சேந்திக்கொள்ளலாம் என்று தங்கள் கிணற்றைத் திறந்துவிட்டார். அந்த நினைவாகக் கிணற்றடியில் ஒரு கல்வெட்டு, செலவு குடும்பத்தாருடையது. ‘மகாத்மாவின் சொல்லைத் தன் வீட்டில் நிறைவேற்றியவர்’ என்று வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். பெண் கேட்டு வந்தவர்களுக்கும் ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கும் அந்த வீட்டில் முதலில் சொல்லப்பட்ட சேதி அந்தக் கிணறுதான்.

“கெணறு வறண்டு இருவது வருசமாச்சு. கல்லு வெச்சா ஊறுமாங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது. தலைவர் அர்த்தநாரி கையமர்த்தினார்.

“ஆட்சேபணை இல்லீன்னா கையெழுத்துப் போட்டரலாமுங்க.”

காலனி வார்டு உறுப்பினர் மஞ்சுளா எழுந்தாள். “ஆட்சேபணை இல்லீங்க. பெரியவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க.”

“கேளு சாமி,” என்றார் செல்லமுத்து.

“நாங்க சேந்த ஆரம்பிச்ச பொறவு, உங்க ஊட்டுல ஆராச்சும் அந்தத் தண்ணியக் குடிச்சீங்களா?”

மனுவில் விடுபட்ட தேதியைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். குரலில் ஒரு முள்ளும் இல்லை.

குடித்தோம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்தக் காலத்து ஆள் அவர் ஒருவர்தான் மிச்சம். மறுக்க யாரும் இல்லை. அப்போது அவருக்கு எட்டு வயது. கிணற்றைத் திறந்துவிட்டது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வேறு கிணறு வெட்ட ஆள் இறங்கிவிட்டது. பாறைக்கு வைத்த வெடிகளை அவர் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். புதுத் தண்ணீர் ஊறும்வரை மாமா ஊரிலிருந்து வண்டியில் பீப்பாய் வந்தது. செப்புக்குடங்களை அம்மா புளி போட்டு மூன்று தடவை தேய்த்தாள். “உங்கம்மாளுக்கு நடை மிச்சம்,” என்றார் அப்பா. திறந்துவிட்டதையும் புதிதாக வெட்டியதையும் சேர்த்து நினைக்காமலே எண்பத்தைந்து வயதுவரை வந்துவிட முடிந்திருக்கிறது. நினைக்காமல் இருந்தோமா, நினைக்க மாட்டேன் என்று இருந்தோமா என்று யோசித்தபோது அவருக்குக் காது சுட்டது. ராசிபுரத்தில் மேடையேறிக் கிணறு திறந்த கதையைப் பேசிப் பொன்னாடைகூட வாங்கியிருக்கிறார்.

“இல்ல,” என்றார். “நாங்க வேற கெணறு வெட்டிக்கிட்டோம்.”

“அதெல்லாம் அந்தக் காலமுங்க சித்தப்பா. இப்ப எதுக்கு,” என்றார் அர்த்தநாரி.

“வேற கெணறு வெட்டிக்கிட்டாங்கன்னுதானுங்க எங்கம்மாளும் சாகற வரைக்கும் சொல்லுச்சு. பொய்யா மெய்யான்னுதான் கேட்டேன்,” என்றாள் மஞ்சுளா. “கல்லுல எடமிருந்தா அதையும் ஒரு வரி எழுதிக்குங்க.” தீர்மானப் புத்தகத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. மைப்பேனாவை வாங்கிக்கொண்டார். பின்னால் கையெழுத்துப் போட வரிசை நின்றது. அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. தாளின் மேல் ஊன்றிய இடது கையை எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை வியர்வையில், கீழே அழுந்தியிருந்த மஞ்சுளாவின் கையெழுத்து நீலமாக ஊறி விரல் இடுக்குகளில் பரவிக்கொண்டிருந்தது.