ஒரு நூல் கம்மி

அன்று காலை பத்தரை மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டுக்குப் பின்சந்தில், சீன முதலாளி லிம் தவுக்கேயின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வேலைமேசைக்கு அந்தப்புறம், பிரம்பு நாற்காலியில் தவுக்கே. இந்தப்புறம், முக்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தயாரானவன்போலக் கன்னையா. அவனுக்கு இடப்பக்கம், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல், அவன் மனைவி வீரம்மா. மடியில் அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டை, கையில் ஊசி நூல். சுவரோரம் பெஞ்சியில் பக்கத்து வீட்டு நாகையா. அவர் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. மைக்கூடு, பேனா, காகிதம், தபால்தலை ஒட்டிய உறை எல்லாவற்றையும் முழங்கால்மேல் பலகை வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். வாசற்படியில் பவுனம்மாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கைத்துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை என்று கூடவே கிளம்பி வந்தவள்.

அந்தக் கைத்துப்பாக்கி மேசைமேல் பச்சைத்துணியில் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் பவுனம்மாள். "எங்க வீட்டுப் பாக்குவெட்டி இதைவிடப் பெருசுலா."

வீரம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஒரு கோளாறு: பயம் வந்தால் சிரிப்பு வரும். கல்யாணத்தன்று தாலி ஏறும்போது சிரித்தாள். ரயில் பட்டறையில் ஆட்குறைப்பு, கன்னையாவுக்கு வேலை இல்லை என்று சீட்டு வந்த அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் ஏதோ லாட்டரி விழுந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். இன்று காலையிலிருந்தே அவள் வயிற்றுக்குள் சிரிப்பு குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பயம்.

விஷயம் இதுதான். வேலை போனவர்களை இலவசமாக இந்தியாவுக்கு ஏற்றிவிடும் கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது. பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது. முதலாளி கையெழுத்தோடு, 'இவருக்கு வேலை கொடுத்திருக்கிறேன்' என்று ஒரு கடிதம் இன்று பன்னிரண்டு மணித் தபாலில் போய்விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீரம்மா பிறந்தது கிள்ளானில், வளர்ந்தது கிள்ளானில், வாழ வந்தது பிரிக்பீல்ட்ஸில். இந்தியாவை அவள் பார்த்தது தீப்பெட்டிப் படத்தில் மட்டும்தான். அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

வேலை கொடுக்கத் தவுக்கே தயார். ஆனால் பரீட்சை வைத்தார். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை ஒருவர், தம் வான்கோழிகளை ஒவ்வொன்றாக விழுங்கிவரும் மலைப்பாம்பைச் சுட இந்தக் குட்டித் துப்பாக்கியை வாங்கியிருந்தார். சாதாரணக் குண்டு பாம்பை ஊடுருவிப் போய்க் கூண்டிலிருக்கும் வான்கோழியையும் கொன்றுவிடுமாம். அதனால் மூக்கில் குழி விழுந்த குண்டு வேண்டும் என்றார். அது பட்ட இடத்திலேயே விரிந்து நின்றுவிடும். அப்படிக் கையால் அடைத்த தோட்டா கொஞ்சம் கிடைத்தது. மூன்று தடவை பாம்புக்கு நேரே நீட்டினார், மூன்று தடவையும் தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை துப்பாக்கியையே பாம்பின்மேல் வீசிவிட்டு ஓடினாராம்.

துரைக்கு ஏற்ற குழிமூக்குத் தோட்டாவைச் சிக்காமல் செய்து காட்டினால் கன்னையாவுக்கு வேலை. வெடிமருந்தும் இல்லாமல், அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாமல், வெறுந்தோட்டா ஆறு. அவற்றை அடியிலிருக்கும் கூட்டில் ஏற்றி, துப்பாக்கியின் மேல்மூடியைக் கையால் பின்னே இழுத்து இழுத்து விட வேண்டும். ஒவ்வொன்றாக மேலேறி, குழாய்க்குள் நுழைந்து, அடுத்த இழுப்பில் வெளியே குதிக்க வேண்டும். ஆறும் தடங்கலில்லாமல் வந்தால் தேர்ச்சி.

கன்னையா முதல் ஆறை நீட்டினான். தவுக்கே இழுத்தார், விட்டார். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாவது, நிலையில் தலை இடித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல அப்படியே நின்றுவிட்டது.

தவுக்கே கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். குழியின் உதடு, குழாய்க்கு ஏறும் சரிவில் முட்டிக்கொண்டு நின்றது.

"உதடு கூர்மை. அதைக் கொஞ்சம் உருட்டணும்" என்று மலாயில் சொன்னார். பிறகு தோட்டாவை விரலால் அளந்து, "நீளமும் ஜாஸ்தி. குராங் சத்து பெனாங் லா" என்றார்.

வாசற்படியில் பவுனம்மாள் நிமிர்ந்தாள். "பினாங்கா? அதுக்கு எதுக்கு இவர் பினாங்கு போகணும்?"

"பினாங்கு இல்லம்மா, பெனாங். நூல். ஒரு நூல் குறைக்கச் சொல்றாரு" என்றார் நாகையா, பேனாவை மையில் தொட்டுக்கொண்டே.

கன்னையாவின் முகம் மலர்ந்தது. இது அவனுடைய பாஷை. "அவ்வளவுதானே! இதோ!" என்று, தோட்டாவில் குண்டை அடைக்கும் கை அழுத்தியின்முன் உட்கார்ந்தான். பழைய குண்டுகளைக் குறடால் பிடுங்கினான். புதுக் குண்டுகளை எடுத்து, உதட்டை வழவழப்பான எஃகுக் கம்பியில் உருட்டி மழுக்கினான். திருகைச் சரிசெய்தான், பிடியை அழுத்தினான். பதினைந்து வருஷம் பட்டறையில் நின்ற கை. அழகாகத்தான் வேலை செய்தது. மணி பதினொன்று பத்து.

தவுக்கே ஆறையும் கூட்டில் ஏற்றினார். இழுத்தார். விட்டார்.

முதல் தோட்டா மூக்கைக் குப்புறக் குத்திக்கொண்டது. இரண்டாவது இழுப்பில் நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. மூன்றாவது இழுப்பில் துள்ளி, மேசையைத் தாண்டி, பவுனம்மாளின் கொண்டைக்குள் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, சுட்டுட்டான்! என்னைச் சுட்டுட்டான்!"

"மருந்தே இல்லக்கா!" என்று கத்தினான் கன்னையா.

"மருந்து இல்லாம எப்படிடா பிழைப்பேன்!"

வீரம்மாவால் தாங்க முடியவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தபடியே குலுங்கினாள். கண்ணில் நீர் வழிந்தது. அது எந்த நீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

தவுக்கே அந்தத் தோட்டாவைக் கொண்டையிலிருந்து மரியாதையாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். குண்டு பித்தளை உறைக்குள் கழுத்தளவு முங்கி, உச்சந்தலை மட்டும் தெரிந்தது. "சாலா!" என்றார். தப்பு! "இது என்ன, ஆத்துல குளிக்கிற ஆளா?"

"நீங்கதானே ஒரு நூல் கொறைக்கச் சொன்னீங்க? ஒரு நூல்தான் கொறைச்சேன்! அளந்து பாருங்க!" கன்னையா அளவுகோலை மேசையில் அடித்தான்.

"சத்து பெனாங்!"

"ஆமா, ஒரு நூல்!"

"சத்து பெனாங்!"

"அதான் நானும் சொல்றேன், ஒரு நூல்! கிராணி அண்ணே, நீங்களே சொல்லுங்க!"

"இரண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க" என்றார் நாகையா நிதானமாக. "எங்கே சண்டைன்னுதான் எனக்குப் புரியல."

தவுக்கே பொறுமை இழந்து எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். வீரம்மாவின் முன்னால் நின்று, சட்டைப் பொத்தானிலிருந்து தொங்கிய வெள்ளை நூலை இரண்டு விரலால் பிடித்து உயர்த்தினார். "இது! பெனாங் இது!"

வீரம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. நூலைப் பார்த்தாள். புருஷன் கையிலிருந்த அளவுகோலைப் பார்த்தாள். பட்டறையிலிருந்து வந்து தினமும் சோற்றுத் தட்டின்முன் அவன் அளக்கிற கதைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அரை நூல் தேய்ந்த அச்சு, இரண்டு நூல் வளைந்த கம்பி. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு பட்டறையில் ஒரு நூல்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "நீங்க பட்டறை நூலைக் கொறைச்சிட்டீங்க. அவர் சொன்னது தையக்கார நூலு. இந்தத் தடிப்பு மட்டும்தான்."

நாகையா மலாயில் விளக்கினார். தவுக்கே தோட்டாவைப் பார்த்தார், அளவுகோலைப் பார்த்தார், பிறகு தொப்பை குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரிப்பு மேசையை ஆட்டி, பெஞ்சியை ஆட்டி, பலகைமேலிருந்த மைக்கூட்டையும் ஆட்டியது. நாகையா மைக்கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். கன்னையா மட்டும் சிரிக்கவில்லை. கைநீட்டி, "அந்த நூலைக் குடு" என்றான்.

வீரம்மா பல்லால் கடித்துக் கொடுத்தாள். மணி பதினொன்று இருபத்தைந்து.

அவன் நூலை அழுத்தியின் திருகுக்கு அடியில் வைத்து, அந்தத் தடிப்பு அளவுக்கே திருகினான். மறுபடி பிடுங்கல், மறுபடி உருட்டல், மறுபடி அழுத்தல். ஒவ்வொன்றையும் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் உதட்டைத் தடவிப் பார்த்தான். இந்தத் தடவை குண்டுகள் உறைக்கு மேலே, குளித்து முடித்துக் கரையேறினவர்கள்போல, கம்பீரமாக நின்றன.

தவுக்கே இழுத்தார்.

"ஒண்ணு" என்றாள் பவுனம்மாள்.

"துவா" என்றார் தவுக்கே.

"மூணு." "அம்பாட்." "அஞ்சு!" ஆறாவது வெளியே துள்ளி மேசையில் உருண்டபோது எண்ண யாருக்கும் மூச்சு இல்லை.

"லாகி" என்றார் தவுக்கே. இன்னொரு தடவை. ஆறும் வந்தன. துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து இழுத்தார், ஆறும் வந்தன. தலைகீழாகப் பிடித்தார், வந்தன. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார், அப்போதும் வந்தன. எட்டாவது சுற்றில் பவுனம்மாள், "தவுக்கே, இப்படியே போனா பாம்பு கிழவியாயிடும்லா" என்றாள்.

தவுக்கே துப்பாக்கியைக் கீழே வைத்து, பச்சைத்துணியால் மூடினார். "பாகுஸ்" என்றார். பிரமாதம். "திங்கட்கிழமை வா, பேசலாம்."

வீரம்மாவுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. அதோடு எழுந்து நின்றாள். "திங்கட்கிழமை நாங்க நடுக்கடல்ல இருப்போம் தவுக்கே. இப்பவே எழுதுங்க. கிராணி அண்ணே, ஆரம்பிங்க!"

மணி பதினொன்று நாற்பது. நாகையா தொண்டையைச் செருமினார். அவர் கடிதம் எழுதினால் தேதி, இடம், விஷயம், விவரம் என்று நாலு படி ஏறித்தான் வாசலுக்கு வருவார்.

"மகாகனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு. விஷயம்: கப்பல் பட்டியலிலிருந்து பெயர் நீக்கல். மேற்படி கன்னையா என்பவரும் அவர் மனைவி வீரம்மா என்பவரும்..."

"மேற்படியா? மேலே எங்கே படி இருக்கு? சீக்கிரம் அண்ணே!" என்றாள் வீரம்மா.

"ஒழுங்கா எழுதலேன்னா ஆபீஸ்ல திருப்பி அனுப்புவான். குறுக்கே பேசாதே." பேனா நகர்ந்தது. "...மேற்படியாருக்குத் தோட்டா வேலை கிடைத்திருக்கிறபடியால்..."

"ஐயய்யோ, நிறுத்துங்க!" வீரம்மா மைக்கூட்டின் குறுக்கே கையை வைத்தாள். "தோட்டா வேலைன்னு எழுதினா அவன் தோட்ட வேலைன்னு படிப்பான். ரப்பர் மரம் சீவ அனுப்பிடுவான்! துப்பாக்கி ரிப்பேர் கடை வேலைன்னு எழுதுங்க."

நாகையா அதை யோசித்துப் பார்த்தார். ஒப்புக்கொண்டு, ஒரே கோட்டில், கறையில்லாமல் அடித்தார். ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். "துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில், நிரந்தரமாக" என்று எழுதினார். 'நிரந்தரமாக' என்பதை மொழிபெயர்த்ததும் தவுக்கே புருவத்தை உயர்த்தினார்.

"நிரந்தரமாவா?"

"நாப்பது தடவைக்கு மேல இழுத்தீங்களே, ஒண்ணாச்சும் சிக்கிச்சா?" என்றான் கன்னையா. அன்று காலை அவன் தவுக்கேயிடம் பதறாமல் பேசிய முதல் வார்த்தை அது.

தவுக்கே பல்லைக் காட்டினார். கையெழுத்துப் போட்டார். அதற்குமேல் சிவப்பு மையில் கடை முத்திரையை, மேசை அதிர, குத்தினார்.

நாகையா காகிதத்தை மூன்றாக மடித்தார், ஓரம் ஓரமாக நகத்தால் தேய்த்தார், உறைக்குள் நுழைத்தார். உறையின் கோந்தை நாக்கால் ஒருமுறை நிதானமாகத் தடவினார். மறுமுறை தடவுவதற்குள் வீரம்மா பிடுங்கிக்கொண்டாள். தானே அழுத்தி ஒட்டினாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"நான் ஓடறேன்" என்று எழுந்தான் கன்னையா.

"உங்க சட்டைக்குப் பொத்தான் இன்னும் தைச்சு முடியல. உட்காருங்க!"

சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே ஓடினாள். கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் பழக்கூடைகளைத் தாண்டினாள், ரிக்‌ஷாக்காரன் ஒருவன், "தண்ணி பைப்பு உடைஞ்சிருச்சா அக்கா?" என்று கத்தினான். பின்னால் பவுனம்மாள் மூச்சு வாங்க, "தள்ளுங்க, தள்ளுங்க, கப்பலை நிறுத்தப் போறோம்!" என்று ஊரையே விலக்கிக்கொண்டு வந்தாள். வீரம்மாவுக்கு ஓட்டத்திலும் சிரிப்பு அடங்கவில்லை. பயம் எப்போதோ போய்விட்டது. சிரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

தபாலாபீஸ் வாசலில் சிவப்புப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. தபால்காரர் குனிந்து கடைசிக் கடிதங்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, உறையை நேரே பைக்குள் திணித்தாள்.

"பெட்டியில போடணும்மா" என்றார் அவர்.

"பெட்டியில போட்டா நீங்க மறுபடி எடுக்கணும்ல அண்ணே? உங்க வேலையைத்தான் கொறைச்சேன்."

அவர் முணுமுணுத்தபடி பையின் வாயைச் சுருக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். சைக்கிளில் வைத்துக் கட்டினார். மணியை அடித்துக்கொண்டு ரயில் நிலையம் பக்கம் மிதித்துப் போனார்.