ஒன்பது எழுத்துக் கட்டம்

பச்சை எழுத்துத் திரையில் அப்பாவின் ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மதலேனா உட்கார்ந்திருந்தாள். தோ பாயோ அடுக்குமாடி புளோக்கின் கீழே, சுவரில்லாத பொதுத்தளமான வாய்ட் டெக்கில், அப்பா அருளானந்தம் பெட்டியில் கிடந்தார். ஜெபமாலை சொல்லும் குரல்கள் மூன்றாம் மாடிவரை வந்தன. நாளைக் காலை அடக்கம். தேவாலயப் பங்கில் எந்த வீட்டுச் சாவையும் வீடு வீடாகச் சொல்கிறவர் அப்பாதான். அவர் சாவைச் சொல்லத்தான் ஆளில்லை.

சாங்கி விமான நிலையக் கார்கோ ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்து, ஓய்வுபெற்ற மனுஷர் தெரிந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களையும் கட்டத்துக்குள் அடைத்திருந்தார்: பெயர், போன், குறிப்பு. எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அதைக் கடிதம் அடிக்கும் புரோகிராமுக்கு மாற்றி அச்செடுத்தால், அவருடைய நண்பர்கள் ஆளுக்கொரு தாளாக எடுத்துக்கொண்டு போன் செய்துவிடுவார்கள்.

அண்ணன் லாசரஸ் வாசலில் வந்து நின்றான். "பேரும் நம்பரும் இருந்தா போதும்லா, லேனா."

அவள் திரும்பவில்லை. காலையிலிருந்தே அவனோடு பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் வீட்டுக்கு வந்தவன், சிராங்கூன் ரோட்டுப் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, கோப்பி கலக்கிக் கொடுத்து, அவள் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அப்பா போய்விட்டார் என்றான். அப்பா செத்துக் கிடக்கும்போது தன் வாயில் புரோட்டா. கல்நெஞ்சக்காரன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வாசலில் நின்றவன் கீழே இறங்கிப் போனான்.

மாற்றிய பட்டியலில் குறிப்புகள் எல்லாம் கட்டத்தின் அகலத்துக்கு, ஒன்பதாவது ஆங்கில எழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தன. ரோசம்மாவுக்கு நேரே 'போன்ல சொ' என்று பாதியில் நின்றது. போனில் சொல்லச் சொல்கிறார் போலிருக்கிறது, அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். ஆனால் கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கிறவளுக்கு அரைகுறை வரி ஆகாது. ஸ்பிரெட்ஷீட்டுக்குத் திரும்பிக் குறிப்புக் கட்டத்தை அகலமாக்கினாள்.

'ரோசம்மா: போன்ல சொல்லாதே. மகன் செத்த சேதி போன்லதான் வந்துச்சு. நேர்ல போ, உட்கார வச்சுச் சொல்லு.'

'முகைதீன் பாய்: வியாபாரம் முடியட்டும். முன்னாடி சொன்னா கடையைப் பூட்டிட்டு வந்துடுவாரு.'

கடைசி இரண்டு வரிகளுக்குப் போன் நம்பர் இல்லை.

'மதலேனா: வெறும் வயித்துல சொன்னா மயங்கிடுவா. அம்மா போனப்ப விழுந்தா. லாசரஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.'

அவள் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. அப்பாவின் மேல் ஆசையாகவும் ஆத்திரமாகவும் வந்தது.

'லாசரஸ்: அழமாட்டான். சாப்பிடவும் மாட்டான். யாராச்சும் பக்கத்துல உட்காருங்க.'

குறிப்போடு சேர்த்தே மறுபடி மாற்றி அச்செடுத்தாள். ரோசம்மாவின் வரியை மட்டும் கத்தரித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வாய்ட் டெக்கில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லாசரஸ் தனியாக இருந்தான். அவள் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கோப்பியை நீட்டினாள்.

"குடிண்ணே. ரோசம்மா வீட்டுக்கு நாம நேர்ல போயிட்டு வருவோம்."

அவன் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஆறுகிறவரை ஊதிக்கொண்டே இருந்தான்.