சாக்குச் செருப்பு

1

கிண்ணியாத் துறையில் படகுக்குக் காத்திருந்தபோது ஒருவர் சொன்ன ஒற்றை வரிதான் இந்தக் கதை: ஒரு குதிரைக்குச் சாக்கில் செருப்புக் கட்டினார்களாம். அதற்குள் படகு வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

1957. வெள்ளைக்காரக் கடற்படை போய்விட்ட துறைமுகத்தை ஏக்கத்தோடு பார்த்தபடி ஒரு குதிரை (சே, இந்த வரியை அடித்துவிடுகிறேன். அதற்குக் கால் நோகிறது, ஏக்கத்துக்கு எங்கே நேரம்?)

நேராகவே சொல்கிறேன். ஊர் திரும்பிய அதிகாரி ஒருவர் தம் குதிரையை உவர்மலையில் இருந்த தம் கிளாக்கர் இரத்தினசிங்கத்திடம் விட்டுப்போனார். குளம்பு வளர்ந்தது. வெட்ட ஸெய்னுதீனைக் கூப்பிட்டார்கள். அவர் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். கைசுத்தமான வேலை என்று பெயர். சோறும் அந்தப் பெயரில்தான். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து வேலை பார்ப்பதுபோலக் குதிரையையும் சாய்த்தார். படுத்த மிருகம் எழுந்தால் எப்படி ஊன்றும் என்று யாருக்குத் தெரியும்? வெட்ட வெட்ட அழகாக வந்தது. வெட்டிக்கொண்டே போனார்.

(மாட்டுக்குப் பிளந்த குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. நானே நேற்றுத்தான் கவனித்தேன். ஆகவே அவரை ஏச எனக்கு வாயில்லை.)

3

எழுந்த குதிரை சரளைக்கல் பரப்பிய கிரவல் முற்றத்தில் கால்வைக்க மறுத்தது. மறுநாள் ஸெய்னுதீன் அடிக்குளம்பைப் பெருவிரலால் அழுத்தினார். அது காலை உதறியது. சாக்கை மடித்து, உள்ளே தென்னந்தும்பு வைத்து, சைக்கிள் டியூப்பால் நாலு காலிலும் கட்டினார். கொட்டிலில் கடற்கரை மணலைக் கொட்டினார். குதிரைக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று இரத்தினசிங்கம் கேட்டபோது, குளிர் இறங்கியிருக்கிறது என்று மழுப்பினார். வைகாசி வெயிலில் குளிராம்!

நாலாம் நாள் இரத்தினசிங்கம் சொன்னார்:

"வைத்தியம் பார்த்தது காணும் ஸெய்னுதீன். வாயில்லாச் சீவன் படுற பாட்டைப் பார்க்க ஏலாது. நாளைக்குப் பொலிசில சொல்லிச் சுடுவிப்பம்."

4

முதல் முடிவு: ஸெய்னுதீன் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார். பெயர் தப்புகிறது. எழுதிப் பார்த்தேன், நம்பும்படியாகவே இருந்தது. அதுதான் எரிச்சல். கிழித்துப்போட்டேன்.

இரண்டாவது: வேலிப் படலைவரை போனவர் திரும்பி வருகிறார்.

"ஐயா, குதிரைக்கு வருத்தம் ஒண்டுமில்ல. நான்தான் குளம்ப அளவுக்குமிஞ்சி வெட்டிப்போட்டன். மணலில நிக்கட்டும், வளந்திடும்."

இரத்தினசிங்கம் சாக்குகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பிறகு

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. ஏசட்டும், ஊரெல்லாம் சொல்லித் திரியட்டும், மன்னிக்கட்டும், உங்கள் விருப்பம்போல எழுதிக்கொள்ளுங்கள். பொலிசை மட்டும் கூப்பிடாதீர்கள்.