அப்பா கேட்ட தலை

"ஞாயித்துக்கிழமை வேற வேலை வெச்சுக்காத, பூசணி. ஹெல்மெட் வாங்கப் போறோம். உன் தலை வேணும்" என்று அப்பா போனில் சொன்னார்.

சிறுவயதில் எந்தச் சட்டையும் என் தலையில் சிக்காமல் இறங்காது என்பதால் அவர் வைத்த பெயர் பூசணி. அவர் எங்களை விட்டுத் தனியாகப் போன பதினான்கு மாதங்களில் ஒருமுறைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் அவர் காலை ஷிப்டுக்கு மாறியிருந்தார். அவருடைய தொழிற்சாலைக்கு, நான் வரவேற்பில் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையைத் தாண்டித்தான் போக வேண்டும். மீதியை நானே முடிவு செய்துகொண்டேன். தினமும் காலையில் என்னை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடப் போகிறார். அதற்குத்தான் ஹெல்மெட். இருபது நிமிடப் பயணம். பேச வேண்டும் என்றுகூட இல்லை, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தலைய அளவெடுக்கத்தானே குடுக்கறே? மறக்காம திருப்பி வாங்கிட்டு வந்துடு."

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்மா."

"கிண்டல் இல்லடி. அந்த மனுசன் எதக் கேட்டாலும் குடுத்துட்டு நிக்கிற ரத்தம் உனக்கும் ஓடுது. அதான் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, ஹெல்மெட்டுக்குத் தோதாகக் கூந்தலைக் கழுத்தோடு தாழ்த்திக் கட்டிக்கொண்டு போனேன். அப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். அதே வண்டி. பக்கவாட்டுக் கொக்கியில் என்னுடைய பழைய சிவப்பு ஹெல்மெட் தொங்கியது. அவர் போன அன்று அது வண்டியோடு போய்விட்டிருந்தது.

"இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"தூக்கிப் போட மனசு வருமா? ஏறு, ஏறு."

போட்டுக்கொண்டேன். உள்ளே ஏதோ பூ வாசனை ஷாம்பு மணம். தாடை வாரும் குட்டையாக இருந்தது, கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. வழியெல்லாம் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம்.

கடை ஒரு நீளமான இடுக்கு. இரண்டு பக்கமும் கூரைவரை ஹெல்மெட்டுகள், ஒரு பெரிய கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது போல. கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் கால்மணி என்றே கூப்பிட்டார்கள். எந்த ஹெல்மெட்டையும் கால் மணி நேரம் தலையில் போட்டு உட்கார வைக்காமல் விற்க மாட்டாராம்.

"அவசரம்னா பக்கத்துக் கடையில தொப்பி விக்கிறாங்க, அங்க போங்க" என்றார் அப்பாவிடம், எடுத்த எடுப்பிலேயே.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகப் பின்மண்டை வரை சுற்றினார். "ஐம்பத்தொம்போது. லார்ஜ்."

"நான் சொல்லல? பூசணி" என்றார் அப்பா.

"நம்பர் பாதிதான் சார். சுற்றளவு ஒண்ணா இருந்தாலும் ஒருத்தர் தலை உருண்டை, ஒருத்தர் தலை நீளம்." அவர் ஒரு லார்ஜை எடுத்து வார்களை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து என் தலையில் இறக்கினார். காது மடங்கியது. கன்னங்கள் உள்ளே அமுங்கி, உதடு குவிந்தது.

"மீன் மாதிரி இருக்கே!" அப்பா சிரித்தார்.

"புதுசுல மீன் மாதிரிதான் இருக்கணும். பத்து நாள்ல பஞ்சு பதியும்." அவர் ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். என் நெற்றித் தோலும் சேர்ந்து திரும்பியது. "பாத்தீங்களா, தோலோட வருது. ஓடு மட்டும் தனியா சுத்துச்சுன்னா அது ஹெல்மெட் இல்ல, குடம்." தாடை வாருக்குள் இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தார். பிறகு பின்னால் வந்து, கீழ் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டித் தள்ளினார். அசையவில்லை. "இது கழண்டு வந்துச்சுன்னா ரோட்டுலயும் கழண்டு வரும். உக்காரும்மா. எங்கயாவது ஒரே இடத்துல குத்துதான்னு பாரு. இறுக்கம் வேற, வலி வேற."

மேஜை மேலிருந்த கடிகாரத்தைத் திருகி வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு தனி அமைதி. அவர்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் இருந்தது. நான் காலை நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்யும் காலை. நான் எழுந்திருக்கத் தாமதமாகி அவர் கீழே நின்று ஹாரன் அடிக்கும் காலை.

அப்பா குனிந்து என் ஹெல்மெட்டைத் தட்டினார். "உள்ள ஆள் இருக்கா? எந்தக் கலர் நல்லாருக்கும், வெள்ளையா நீலமா?"

"நீலம்."

"நீலம் அவளுக்குப் பிடிக்காதே."

"யாருக்கு?"

"சித்திக்கு" என்றார்.

எனக்குச் சித்தி என்றால் அம்மாவின் தங்கைதான். ஆனால் அப்பா அந்தச் சொல்லை, இப்போது தன்னோடு இருப்பவளுக்கு, என் முகத்தைப் பார்க்காமல், வெகு சாதாரணமாக, பலநாள் ஒத்திகை பார்த்தவர்போலச் சொன்னார்.

கடைக்காரருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "போடப்போறது இந்தப் பொண்ணு இல்லையா?"

"இல்லண்ணே. அவளுக்குத் தெரியாம வாங்கிக் குடுக்கணும்னு..."

"அடுத்தவங்க தலைய வெச்சு எப்படி சார் வாங்குவீங்க? ஆள் வரணும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே தலைண்ணே. பூசணியோட பழைய ஹெல்மெட்டத்தான் இத்தன நாள் அவ போட்டுக்கிட்டு வர்றா. கச்சிதமா இருக்குது." பிறகு என்னைப் பார்த்து, இதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று உண்மையாகவே நம்பிச் சொன்னார்: "அவளும் உன்ன மாதிரியே ஒரு பூசணி."

"காலையில..." என்றேன்.

"ஆமா, காலையில நானே அவள வேலைக்குக் கொண்டுபோய் விடறேன். ஒரே வழிதானே."

கடிகாரத்தில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஹெல்மெட்டின் முன்மூடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். கண்ணாடியில் தெரிந்தது ஒரு ஹெல்மெட் மட்டும். அதற்குள் யார் இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

மணி அடித்ததும், "வலிக்குது" என்றேன்.

கடைக்காரர் கழற்றி என் நெற்றியைப் பார்த்தார். "செவக்கலயே. வலியா, இறுக்கமா?"

"வலி."

அவர் தயங்கி ஒரு எக்ஸ்எல் எடுத்து வந்தார். அது தலையில் விழுந்தது. நான் திரும்பினேன், அது கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிறகு திரும்பியது. பின்மண்டையில் காற்று போய்வந்தது. அவர் பின்னால் வருவதற்குள் வாரைத் தொண்டை நெரியும்வரை இழுத்துப் பூட்டி, தாடையைக் கீழே அழுத்திக்கொண்டேன். அவர் விளிம்பைப் பிடித்துத் தள்ளினார். வார் குரல்வளையை அறுத்தது. கழன்று வரவில்லை.

"இது சரியா இருக்கு" என்றேன். குரல் எப்படி வந்ததோ.

"ம்ம்" என்றார் அவர். அந்த 'ம்ம்'மில் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. "சார், அந்தம்மாவ வெச்சு ஒரு தடவ போட்டுப் பாருங்க. தொளதொளன்னு இருந்தா மூணு நாளைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

"எதுக்குண்ணே? அவளுக்கும் இறுக்கினா ஆகாது. நல்லவேளை, எம் பொண்ணக் கூட்டிட்டு வந்தேன்."

வாசலில் வெள்ளை எக்ஸ்எல்லைப் பெட்டியோடு வண்டியில் கட்டினார். "நீ பஸ்ல போயிடுவேல்ல? எனக்கு இப்படியே போனா கிட்ட." சிவப்பை என் கையில் கொடுத்தார். "இத நீ எடுத்துக்க. இனிமே அவளுக்குத் தேவையில்ல." என் தலையை ஒருமுறை தடவினார். "நீ இவ்ளோ பொறுமையா உக்காந்து பாப்பேன்னு நெனைக்கல. மனசு நெறஞ்சிருச்சு."

பஸ்ஸில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, டிரைவர் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் கண்டக்டர். முன் வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

சிரிப்பு அடங்கியபோது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்தப் பூ வாசனை வந்தது. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் பின்மண்டையில் காற்று போய்வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவள்.

"ரொம்ப தேங்க்ஸ்மா. எனக்காகக் கால் மணி நேரம் போட்டுக்கிட்டு உக்காந்தியாமே. கொஞ்சம்கூட இறுக்கவே இல்ல, போட்டதே தெரியல."

"இறுக்கணும்ங்க" என்றேன். "கன்னத்த அமுக்கணும். அது உங்களுக்குப் பெரிசு. லார்ஜா மாத்திக்கங்க, மூணு நாள்ல மாத்தித் தருவாங்க."

"அப்பாகிட்ட குடுக்கறேன்" என்றாள், அதே மரியாதையோடு.

"என்ன பூசணி?"

"அப்பா, அது கழண்டு வரும். விழுந்தா தலையில நிக்காது. நான் கடையில பொய் சொன்னேன்."

"எதுக்குப் பொய் சொல்லப் போற?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அம்மா பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. அம்மாவுக்கு இது எதுவுமே தெரியாது."

"தோ பாரு. மத்தியானம் எவ்ளோ நல்ல பொண்ணா இருந்தே. வீட்டுக்குப் போனதும் இப்படி ஆயிடுறே. அவ அதப் போட்டுக்கிட்டு வீடு முழுக்க சுத்தி வர்றா. அத வாங்கிட்டுப் போயி மாத்தணுமா? அவமேல கோவம்னா என்கிட்ட திட்டிக்க, ஹெல்மெட்ட விடு."

மறுநாள் மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன்: பின்னாடி பிடிச்சு முன்னால தள்ளிப் பாருங்க, உங்களுக்கே தெரியும். அவர் பார்த்ததற்கான குறி விழுந்தது. பதில் இல்லை.

மூன்றாவது நாள் சீக்கிரமே கிளம்பி மருத்துவமனை வாசலில் நின்றேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வந்தது. பின்னால் அவள், வெள்ளை ஹெல்மெட்டோடு. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ஹெல்மெட் அவள் புருவத்துக்குக் கீழே சரிந்தது. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது போல் ஒரு விரலால் அதை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தக் கையை அப்பாவின் தோளில் வைத்தாள்.

நான் சாலை ஓரத்துக்கு ஓடி இரண்டு கைகளையும் ஆட்டினேன். "அப்பா! நிறுத்துங்க!"

அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவளும் திரும்பி எனக்குக் கை காட்டினாள். திரும்பியது அவள் தலை மட்டும்தான். ஹெல்மெட் சற்று நேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது.