முப்பத்தொன்று வரை

விடைத்தாள் கட்டை எண்ணி வாங்குகிற வேலை மட்டும் வெர்லீன் ஒலிவியருக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு ஜூலையிலும் பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் அந்தப் பெரிய மண்டபத்தில் கூடி, தீவு தீவாக வந்து சேரும் இலக்கியத் தாள்களைத் திருத்துகிற வாத்தியார் கூட்டம் முழுக்க அதை அறியும். கட்டுக்கு இருபத்தைந்து தாள். மேசைத் தலைவர் முன்னால் வாய்விட்டு எண்ணித்தான் வாங்க வேண்டும். வெர்லீன் கட்டைப் பக்கத்து நாற்காலியில் இருக்கிற மிஸ் ராம்நரைனிடம் தள்ளிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். பெக்வே தீவுக்காரி ராசி பார்க்கிறாள் என்று மற்றவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. யாராவது வாய்விட்டு எண்ணினால் அவளுக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். இருபதை எட்டும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். படகுத்துறையில் ஆட்களை எண்ணி ஏற்றினாலும் அப்படி, குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணி விளையாடினாலும் அப்படி. பன்னிரண்டு வருஷமாக இதைச் சுமக்கிறாள். டாக்டரிடம் ரத்தக் கொதிப்பு என்று சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள்.

அன்று திருத்தலின் நான்காம் நாள். நான்காம் நாளில் எந்த வாத்தியாருக்கும் கதை என்ற சொல்லே கசந்துபோயிருக்கும். கேள்வி இதுதான்: நீ படித்த ஒரு சிறுகதையின் கதைப்பின்னல், மோதல், கருப்பொருள் ஆகியவற்றை ஆராய்ந்து எழுது. பட்டியலில் பத்துக் கதைகள் உண்டு. பிள்ளைகள் மூன்றைத்தான் தொடுவார்கள். மோதல் நான்கு வகைப்படும் என்று ஆரம்பித்து, எந்த வகையும் இல்லாமலே முடிப்பார்கள். பதினாறு தாள் முடித்துவிட்டுப் பதினேழாவதைப் பிரித்தாள் வெர்லீன்.

முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே கையெழுத்து அவளைப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு வாலையும் நீளமாக இழுத்துவிடும் எழுத்து. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள். எங்கே என்று தெரிந்தபோது தாளை மேசையில் வைத்துவிட்டாள். அந்தக் கையெழுத்துக்காரன் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது.

“நான் எடுத்துக்கொண்ட கதை உங்கள் பட்டியலில் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்” என்று ஆரம்பித்தது விடை. “இதை என் அண்ணன் பதினைந்து வயதில் எழுதினான். அவனுடைய ஆசிரியை இருபதுக்கு ஏழு மதிப்பெண் போட்டார். இன்னொருவர் ஒருமுறை இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதுவே நல்லது.”

தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் எழுதிய பிள்ளை யாரென்று தெரிந்துவிட்டால் அடுத்த வரியைப் படிக்கக்கூடாது. எழுந்து மேசைத் தலைவரிடம் தாளைக் கொடுத்து, எப்படித் தெரியும் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷமாக அந்த விதியைப் புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே வெர்லீன்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வரியைப் படித்தாள்.

அந்த அண்ணன், டெஸ்ரான், அவளிடம் படித்த பையன். அவன் கதை அவளுக்கு மனப்பாடம். ஒரு பையன், ஒரு மாற்றாந்தகப்பன், ஒரு மீன்பிடிப் படகு. கரையிலிருந்து பார்த்தால் தெரியாத பாறைத் திட்டுக்குப் பின்னால் படகை நிறுத்தி, அந்த ஆள் பையனின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். மேலே உட்கார்ந்து வாய்விட்டு எண்ணுகிறான். பிறகு தூக்கிவிடுகிறான். வீட்டுக்குப் போய் இருவரும் சுட்ட ஈரப்பலாக்காயும் பொரித்த மீனும் சாப்பிடுகிறார்கள். அம்மா இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்கிறாள். மறுநாளும் படகு, மறுநாளும் எண்ணிக்கை. மூன்றாவது நாளோடு கதை நின்றுவிடுகிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெர்லீன் அவன் நோட்டில் அந்தக் கதையின் அடியில் சிவப்பு மையில் எழுதினாள்: “ஒரே சம்பவம் மூன்று முறை வருகிறது. கதைப்பின்னல் வளரவில்லை. தகப்பனுக்குக் காரணமே இல்லை, மோதல் நம்பும்படி இல்லை. கருப்பொருள் என்ன?” நல்ல குறிப்பு என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். நோட்டை வாங்கிக்கொண்டு அவன் மேசைக்கு முன்னாலேயே நின்றான். ஏதோ கேட்கப்போகிறான் போலிருந்தது. அவளுக்கு அன்று கிங்ஸ்டவுன் போகிற படகுக்கு நேரமாகிவிட்டது.

“அடுத்த தடவை உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா” என்றாள்.

“சரி டீச்சர்” என்றான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவன் உடல் பாறைத் திட்டுக்குப் பின்னால் ஒதுங்கியது. பையன் கால் தவறி விழுந்துவிட்டான் என்றான் அவன் மாற்றாந்தகப்பன் ஆஸ்பர்ட். கரையிலேயே பிறந்து வளர்ந்த பையன் எப்படி முங்குவான் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வெர்லீனுக்குச் சேதி வந்த நிமிஷமே அந்தக் கதை ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தும் ஏழு மதிப்பெண் போட்டவள் என்று தீவே காறித் துப்பும். நோட்டும் பையனோடு கடலுக்குள் போயிருக்கும் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டாள். அடக்கத்துக்கு மறு ஞாயிறு, தேவாலய வாசலில் அவன் அம்மா அயாந்தி வந்து கையைப் பிடித்தாள்.

“டீச்சர், எம்புள்ள உங்ககிட்ட எதாவது சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லலியேம்மா” என்றாள் வெர்லீன்.

இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தது. தாளில் இருந்ததோ அவளுக்குத் தெரியாதது.

“கதைப்பின்னல் வளரவில்லை என்று ஆசிரியை எழுதியிருக்கிறார்” என்று தொடர்ந்தது விடை. “அவர் எண்களைப் பார்க்கவில்லை. முதல் நாள் அந்த மனிதன் இருபது வரை எண்ணுகிறான். இரண்டாம் நாள் இருபத்தாறு வரை. மூன்றாம் நாள் முப்பத்தொன்று வரை. இந்தக் கதையில் வளர்வது அது ஒன்றுதான். நான்காம் நாள் எவ்வளவு என்று அண்ணன் எழுதவில்லை, ஏனென்றால் அது அவனுக்கு இன்னும் நடக்கவில்லை.”

வெர்லீன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். மனப்பாடம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளே, அந்த எண்கள் மூன்றும் அவள் கண்ணில் படவேயில்லை. எண்ணினான் என்றுதான் ஞாபகம், எதுவரை என்று ஞாபகமில்லை. அவள் நெஞ்சுக்கு மட்டும் அது எப்படியோ தெரிந்திருக்கிறது. இருபதில்தானே அது அடைக்க ஆரம்பிக்கும்!

மேசைத் தலைவர் மிஸ்டர் அலைன் பார்படோஸ்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஒரே தாளில் குடித்தனம் நடத்துகிறீர்களே, வாடகை கட்டினீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் சுட்ட மக்கரோனிப் பலகாரத்துக்கும் மாபி பானத்துக்கும் ஓடினார்கள். வெர்லீன் மட்டும் உட்கார்ந்து தாளைத் திருப்பினாள்.

“மோதல் நம்பும்படி இல்லை என்ற வரியால் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் இறந்த ஐந்தாம் நாள் மெத்தைக்கு அடியில் இந்த நோட்டை அம்மா கண்டெடுத்தார். போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். சார்ஜென்ட் படித்துவிட்டு, சிவப்பு மையைக் காட்டினார். பையனுடைய டீச்சரே நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறார், நான் எப்படி நம்புவது என்றார். அந்த டீச்சர் வந்து பையன் உண்மையைத்தான் எழுதினான் என்று நினைப்பதாகச் சொன்னால் பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆசிரியையிடம் கேட்கப் போனார். நோட்டு அப்போது அம்மாவின் கைப்பையில் இருந்தது.”

கைப்பை அவளுக்கு ஞாபகம் இருந்தது. கறுப்பு, பித்தளைக் கொக்கி. அயாந்தி ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அந்தக் கொக்கியின் மேலேயே வைத்திருந்தாள். ஒண்ணும் சொல்லலியேம்மா என்றதைக் கேட்டதும் அந்தக் கை கொக்கியை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், குட்மார்னிங் டீச்சர் என்று அயாந்தி சொல்லாமல் போனதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். சண்டாளி, ஒருநாளாவது செருப்பைக் கழற்றி அடித்திருக்கக்கூடாதா என்று வெர்லீன் அழுதாள். யாருமில்லாத மண்டபத்தில் சத்தமாகவே அழுதாள். பக்கத்துத் தெருவிலேயே வெர்லீனின் பள்ளி இருக்க, இந்தத் தாளை எழுதிய மகளை அயாந்தி தினமும் கடல் தாண்டிக் கிங்ஸ்டவுன் பள்ளிக்கு ஏன் அனுப்பினாள் என்பதும் இப்போது விளங்கியது.

கடைசிப் பக்கத்தில் கொஞ்சம்தான் இருந்தது. அந்த ஆளை அம்மா வீட்டைவிட்டு விரட்டிவிட்டார். அவன் இப்போது வேறு தீவில் வேறு பெண்ணோடு இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் உண்டு. “அண்ணனின் எழுத்தின் மேல் எழுதிப் பார்த்துத்தான் நான் எழுதக் கற்றேன். அதனால் இந்தக் கதையின் மோதல் பையனுக்கும் தகப்பனுக்கும் இடையில் இல்லை என்று என்னால் சொல்ல முடியும். அது எழுதினவனுக்கும் படித்தவருக்கும் இடையில்தான். அது இன்னும் முடியவில்லை.”

சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வெர்லீனின் முன்னால் இருந்த வழி ரொம்பச் சுலபமானது. பட்டியலில் இல்லாத கதைக்குப் பூஜ்யம். ஒரு வட்டம் போட்டால் போதும். தலைவர் கதைத் தலைப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், தாள் கட்டுக்குள் போய்விடும், பிறகு ஒரு ஜென்மமும் அதைப் பிரிக்காது. செப்டம்பரில் அவள் தலைமை ஆசிரியை ஆகப்போகிறாள். கடிதம் வந்துவிட்டது, மஞ்சள் நிறத்தில் உடைகூடத் தைத்தாயிற்று. சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். முனை தாளில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது.

அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சிவப்பு. இரண்டாவது தடவையாக இந்தக் கதை தன் கைக்கு வந்திருக்கிறது, இரண்டாவது தடவையும் கொல்லப் பார்க்கிறேனே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து தாளோடு மிஸ்டர் அலைனிடம் போனாள். தெரிந்த பிள்ளை என்றாள். படிவத்தைக் கொடுங்கள் என்றாள்.

அலைன் தலைப்பைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். இதற்குப் போய்ப் படிவம் எதற்கு, யார் திருத்தினாலும் முட்டைதானே என்றார். அவள் படிவத்துக்கு நீட்டிய கையை மடக்காததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சும்மா பக்கத்து வீட்டுப் புள்ளைன்னு எழுதிட்டு விடுங்க மிஸ். யாரு கேக்கப் போறா?”

“பன்னெண்டு வருஷமா யாரும் கேக்கல மிஸ்டர் அலைன். அதான் வினையே” என்றாள் வெர்லீன்.

படிவத்தில் காரணத்துக்கு இரண்டு வரி இடம்தான் இருந்தது. அவள் பின்பக்கம் முழுக்க எழுதினாள். விடையில் வருகிற ஆசிரியை நான்தான். பையன் பெக்வே தீவைச் சேர்ந்தவன். அவன் இறந்த அன்றே அந்தக் கதை உண்மை என்று எனக்குத் தெரியும். அவன் தாய் கேட்டபோது பொய் சொன்னேன். போலீஸ் முன்னாலும் இதைச் சொல்வேன். இந்தப் படிவத்தின் ஒரு நகல் அவர்களுக்குப் போகட்டும். பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அலைன் அதைப் படித்தார். பிறகு அன்று முழுக்க அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

தாள் வேறு நாட்டு ஆசிரியரிடம்தான் போக வேண்டும். அலைன் அதைக் கயானாக்காரி ராம்நரைனின் முன்னால் வைத்து, பட்டியலில் இல்லாத கதை, ஆனாலும் முழுசாகப் படியுங்கள், மதிப்பெண்ணைத் தலைமைத் தேர்வாளர் பார்த்துக்கொள்வார் என்றார். ராம்நரைன் வேகமாகத் திருத்துகிறவள், மணிக்குப் பத்துத் தாள் தள்ளுவாள். பேனாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் பக்கத்தின் பாதியில் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டாம் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க நினைத்தாளோ என்னவோ, மெதுவாக வாய்விட்டே எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இருபதில் வெர்லீனுக்கு நெஞ்சு அடைத்தது. வராந்தாக் கதவு நாலே எட்டில் இருந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறில் கண் இருட்டியது. முப்பத்தொன்றுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாயிற்று, ஆண்டவரே! இவ்வளவு நேரமா அந்தப் பிள்ளை உள்ளே இருந்தான்?

ராம்நரைன் நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் பையன் பேரு என்ன மிஸ்?”

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. வகுப்பில் அதே பெயரில் வேறொரு பையன் வந்தபோதுகூட அவனைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

“டெஸ்ரான்” என்றாள் வெர்லீன். “நல்லா எழுதுவான்.”