மேலே ஏறிய யூரியாத் தண்ணீர்

ஏனாத்தூரில் எங்கள் கழனிக்குக் கீழே வடிவின் கழனி. கைக்குட்டை அளவு நிலம்தான். பூவரசந்தழையும் ஏரி வண்டலும் போட்டே கருகருவென்று நெல் வளர்ப்பாள். எங்கள் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தாலே எரியும். முந்தின வருஷக் கோடையில் அவளுக்குத் தண்ணீர் விடமாட்டேன் என்று சண்டை பிடித்தவர் அவர்.

அது எழுபத்து நான்காம் வருஷம். யூரியா கிடைக்காமல் ஊரே அலைந்தது. ஜரிகைக்குக் காட்டுகிற மரியாதையை உர மூட்டைக்குக் காட்டினோம். முந்தின போகம் மணி பிடிக்காமல் சாவியாகிப் போயிருந்தது. இதுவும் போனால் கழனியை விற்றுவிட்டுத் தறியில் கூலிக்கு உட்கார வேண்டியதுதான். வீட்டுக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் வரிசையில் நின்று ஒரே ஒரு மூட்டை வாங்கி வந்தார். எங்களுடையது பின்நடவு, பயிர் வெளுத்துக் கிடந்தது.

அன்றைக்கே ஏரித் தண்ணீர் முறையும் எங்களுக்கு வந்தது. தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் உரம் போடுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மனிதர் கேட்டால்தானே! முறைத் தண்ணீரை விடவும் மனசில்லை, உரத்தை நாளைக்கு வைக்கவும் மனசில்லை. வரப்பு முட்டத் தண்ணீர் கட்டி, அதிலேயே மூட்டை முழுவதையும் வீசிவிட்டு வந்து படுத்தார். விடியுமுன் வரப்பு உடைந்து எல்லாம் கீழே போய்விட்டது.

காலையில் கழனிப் பக்கம் போனவர் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார். வடிவு இறைகூடை போட்டு நம் தண்ணீரைத் திருடுகிறாள் என்று கத்தினார். நானும் ஓடினேன். வழியெல்லாம் வாயில் வந்தபடி பேசிக்கொண்டே வந்தவர், வரப்பில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார்.

கூடை கீழ்க் கழனியில் முங்கி எங்கள் கழனியில் கவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கக் கயிறு வடிவிடம், மறுபக்கம் அவள் நாத்தனார் லில்லியிடம். உடைந்த வரப்பை அவர்களே சேறு அள்ளி அடைத்திருந்தார்கள். தன் வடிமடையையும் அடைத்து, ஒரு சொட்டு ஓடைக்குப் போகாமல் நிறுத்தியிருந்தாள் வடிவு.

எதற்கம்மா இந்தப் பாடு என்று கேட்டேன். வடிவு கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"எம் பயிரு கதிரு வாங்கப் போவுது, தேவகிம்மா. இப்ப இத்தக் குடிச்சா மதமதன்னு வளந்து சாஞ்சிடும். தெறந்து உட்டா ஓடையில பூடும், ஒர்த்தருக்கும் இல்லாம."

வீட்டுக்காரர் கயிற்றைக் கேட்டார். ஜோடி சேராத கை கூடையைப் புரட்டிவிடும், வெயில் ஏறினால் உரம் காற்றோடு போய்விடும், நீங்கள் வரப்பை மிதியுங்கள் என்றாள் வடிவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். என்ன வீச்சு அது! குனிந்து நிமிர்ந்து, மூச்சு வாங்க, அவர்கள் இரண்டு பேரும் எங்கள் பயிரைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போகம் தேறினோம். கழனி எங்களிடமே இருக்கிறது. ஆனால் என் மனசை அடித்தது, கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னதுதான். குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"கொஞ்சத்த எம் மண்ணு குடிச்சிடுச்சி, நாய்க்கரே. அத்த மட்டும் எறைக்க முடியல."